இரவலும் களவும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

யாம் பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் சேர்ந்தவர். இந்நகரின் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணியாற்றி வருகிறோம். இசைப் புலமையோ, ஆங்கிலப் புலமையோ எமக்கு இல்லை என்பதை இங்குள்ளோர் அனைவரும் நன்கு அறிவீர்கள். ஆகவேதான் சென்ற மாதம் செயற்குழுவில், "இவ்வாண்டு ராக் இசைக்குழுக்களைப் பற்றியும், அவற்றின்மீது எழுந்த நகல் குற்றச்சாட்டுகளைப் பற்றியும் பேச விரும்புகிறோம்" என்று யாம் கூறியபோது, சிலர் எம்மை ஒருமுறைக்கு இருமுறை உற்றுநோக்கினர். "பாரதியைப் பற்றிப் பேசலாகாதா?" என்று ஒருவர் அன்போடு கேட்டார். பாரதியைப் பற்றிப் பேசத் தகுதியுடையோர் நம் சங்கத்தில் பலர் உளர். இப்பொருளைப் பற்றிப் பேச வேண்டிய கடமையோ எமக்கு மட்டுமே உளது. அஃது ஏன் என்பதை முதற்கண் கூறிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு விழா உங்கட்கு நினைவிருக்கும். நம் காலனிச் சிறுவர் நால்வர் இம்மேடையில் ஏறினர். இருவர் கையில் கித்தார், ஒருவன் டிரம் வாசித்தான், மற்றொருவன் கீபோர்டு. தாமே எழுதித் தாமே மெட்டமைத்த தமிழ்ப் பாட்டு என்று கூறித் தொடங்கினர். கித்தாரின் தந்திகளில் ஒலி படிப்படியாய் இறங்கி வந்த அந்தத் தொடக்கம் முடிவதற்குள், எமக்குப் பின்னால் அமர்ந்திருந்த ஓர் இளைஞர், "இது லெட் செப்பலின் பாட்டின் தொடக்கம் போல் இருக்கிறதே!" என்று முணுமுணுத்தார். அம்முணுமுணுப்பு வரிசை வரிசையாய்ப் பரவிச் சிரிப்பாயிற்று. சிறுவர் முகம் வாடிற்று. பாட்டைப் பாதியிலேயே முடித்துக்கொண்டு இறங்கிவிட்டனர்.

அத்துடன் நின்றிருந்தால் குற்றமில்லை. அன்று நன்றியுரை கூறும் பொறுப்பு எமக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஒலிபெருக்கியைக் கையிற் பிடித்தவுடன் நகைச்சுவையாய்ப் பேச வேண்டும் என்னும் ஆசை எமக்கு வந்துவிடும். "இரயிலில் சீட்டின்றிப் பயணம் செய்தால் தண்டம் உண்டு, பிறர் பாட்டில் ஏறிச் சீட்டின்றிப் பயணம் செய்யும் நம் சிறுவர்க்கு யார் தண்டம் விதிப்பது?" என்று கேட்டோம். அவை கைதட்டிற்று. யாமும் மகிழ்ந்தோம். அவ்வாங்கிலப் பாட்டை யாம் அன்றுவரை ஒருமுறையேனும் கேட்டதில்லை என்னும் உண்மையை இன்று இம்மேடையில் ஒப்புக்கொள்கிறோம்.

மெட்டமைத்த சிறுவன் அன்றிரவே கித்தாரை உறையிலிட்டுப் பரண்மேல் வைத்துவிட்டானாம். அவன் தாயார் ஒரு நாள் குழாயடியில் எம் இல்லாளிடம் இதனைச் சொன்னார். வருத்தமாய்ச் சொன்னாரேயன்றிக் குறையாய்ச் சொல்லவில்லை. வீட்டிற்கு வந்து எம் இல்லாள் எம்மிடம் சொல்லும்பொழுது, கல்லூரியில் படிக்கும் எம் மகள் அருகில் இருந்தாள். "அப்பா! நீங்கள் திருட்டு என்று சிரித்த அந்த இறங்கு வரிசைக்காக அமெரிக்காவில் ஆறு ஆண்டுகள் வழக்கு நடந்தது. முடிவு என்ன ஆயிற்றென்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றோம். அன்று தொடங்கி, இரவுச் சாப்பாட்டிற்குப் பின் அவள் ஆங்கிலத்தில் படித்துப் பொருள் கூற, யாம் கேட்டுக் குறிப்பெடுத்தோம். பாட்டுகளையும் ஒவ்வொன்றாய்க் கேட்டோம். அக்குறிப்புகளே இன்றைய உரை.

ராக் இசை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் காண்போம். அது 1950-களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. அதன் வேர்களுள் மிகவும் ஆழமானது, அந்நாட்டுக் கறுப்பின மக்களின் "புளூஸ்" என்னும் துயர இசை. இவ்விசையின் வரலாறு ஓர் இரயில் நிலையத்தில் தொடங்குகிறது என்றால் நம் காலனியார் மகிழ்வர். 1903-ஆம் ஆண்டளவில் மிசிசிப்பி மாநிலத்து டட்வைலர் என்னும் சிற்றூர் நிலையத்தில், ஹாண்டி என்னும் இசைக்கலைஞர் இரயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வண்டி ஒன்பது மணி நேரம் தாமதமாம். தாமதம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று! அங்கே கந்தலாடை அணிந்த கறுப்பின மனிதர் ஒருவர், கத்தியைத் தந்திகளின்மீது தேய்த்துக் கித்தார் வாசித்துக்கொண்டே, இரண்டு இருப்புப்பாதைகள் குறுக்கிடும் ஓரிடத்தைப் பற்றிப் பாடினார். அத்தகைய விந்தையான இசையைத் தாம் அதுவரை கேட்டதில்லை என்று ஹாண்டி 1941-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் எழுதினார். அவ்விசையை எழுத்திற் பதித்து அச்சிட்டு ஹாண்டி "புளூஸின் தந்தை" என்று பெயர் பெற்றார். நிலையத்தில் வாசித்தவரின் பெயர் மட்டும் இன்றுவரை எவர்க்கும் தெரியாது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய உரை முழுவதும் அந்தப் பெயர் தெரியாத மனிதரைச் சுற்றியே வரும்.

பின்னர்த் தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் பிழைப்புத் தேடி வடக்கே புறப்பட்டனர். மிசிசிப்பியிலிருந்து அவர்களைச் சிகாகோவிற்கு ஏற்றிச் சென்றது இல்லினாய்ஸ் சென்ட்ரல் என்னும் இரயில்வே. 1943-இல் அவ்வழியே சென்றவருள் ஒருவர் மடி வாட்டர்ஸ். ஊரில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அவர், சிகாகோவின் இரைச்சலில் தம் கித்தார் கேட்கவில்லை என்று மின்கித்தார் வாங்கினார். ஊர் விட்டு ஊர் வந்தோர் தம் ஊர்ப்பாட்டைப் புது ஊரின் ஓசைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டதே சிகாகோ புளூஸ் ஆயிற்று. பிழைப்பிற்காக வண்டியேறி வந்து, இங்கே சங்கம் வைத்து, மராத்தியும் இந்தியும் கலந்த தமிழில் கும்மியடிக்கும் நமக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

இரண்டாவது காட்சியும் ஓர் இரயில் நிலையமே. 1961 அக்டோபரில் இங்கிலாந்தில் டார்ட்ஃபோர்டு நிலைய மேடையில் இரண்டு இளைஞர் சந்தித்தனர். ஒருவர் மிக் ஜாகர். மற்றவர் கீத் ரிச்சர்ட்ஸ். சிறுபிராயத்தில் ஒரே பள்ளியில் படித்துப் பிரிந்தவர்கள். ஜாகரின் அக்குளில் மடி வாட்டர்ஸ், சக் பெர்ரி ஆகியோரின் இசைத்தட்டுகள் இருந்தன. அதைக் கண்டு ரிச்சர்ட்ஸ் பேச்சுக் கொடுத்தார். அடுத்த ஆண்டு பிறந்தது ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் இசைக்குழு. அப்பெயரே மடி வாட்டர்ஸ் 1950-இல் வெளியிட்ட ஒரு பாட்டின் பெயர். இவர்கள் பிறர் பாட்டைப் பாடியே வளர்ந்தவர்கள். அதனை மறைக்கவும் இல்லை. 1964-இல் அமெரிக்கா சென்றபோது சிகாகோவில் மடி வாட்டர்ஸ் பதிவு செய்த அதே கூடத்தைத் தேடிச் சென்று பாடிப் பதிவு செய்தனர். 1965-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று அழைத்தபோது, ஹௌலின் வுல்ஃப் என்னும் மூத்த புளூஸ் பாடகரையும் மேடையேற்ற வேண்டும் என்று வற்புறுத்தினர். அவர் பாடியபோது இவ்விளைஞர்கள் அவர் காலடியில் அமர்ந்து கேட்டனர். தம் நாட்டுத் தொலைக்காட்சியில் தம் நாட்டுப் பாடகரைப் பலர் முதன்முதல் கண்டது அன்றுதான். இஃது இரவல், ஆயினும் கொடுத்தவர் பெயரை உரக்கக் கூறிய இரவல்.

இனி இரண்டாம் வகை. 1968-இல் இலண்டனில் லெட் செப்பலின் என்னும் குழு தோன்றியது. ஜிம்மி பேஜ், இராபர்ட் பிளாண்ட், ஜான் பால் ஜோன்ஸ், ஜான் பான்ஹம் என நால்வர். 1969-இல் வெளிவந்த அவர்களின் முதல் இசைத்தட்டில் வில்லி டிக்சன் என்னும் சிகாகோ கவிஞரின் பாட்டுகள் இரண்டு இருந்தன; அவர் பெயரும் முறையாய் அச்சிடப்பட்டிருந்தது. அதே ஆண்டில் வந்த இரண்டாம் தட்டின் முதற்பாட்டு "ஹோல் லாட்டா லவ்". உலகெங்கும் ஒலித்தது; செல்வம் குவிந்தது. அதன் சொற்களிற் பெரும்பகுதி, டிக்சன் எழுதி 1962-இல் மடி வாட்டர்ஸ் பாடிய ஒரு பாட்டைச் சார்ந்தது. ஆனால் இம்முறை அச்சிடப்பட்ட பெயர்கள் குழுவினர் நால்வருடையவை மட்டுமே. அந்த ஒற்றுமையை முதலில் கண்டுகொண்டவர் டிக்சனின் மகள். 1985-இல் டிக்சன் வழக்குத் தொடுத்தார். 1987-இல் மன்றத்திற்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. இன்று அப்பாட்டின்கீழ் அவர் பெயரும் காணப்படுகிறது. டிக்சன் தம்மைப் போன்று ஏமாந்த முதிய கலைஞர்கட்கு உரிமைத் தொகை பெற்றுத்தர ஓர் அறநிலையமும் நிறுவினார். 1992-இல் அவர் மறைந்தார். பழைய பாட்டுகள் பதிவான சிகாகோ கூடத்திலேயே அந்நிலையம் இன்று இயங்குகிறது.

பார்சல் எழுத்தராய் எமக்குத் தோன்றியதைக் கூறுகிறோம். எம் அலுவலகத்திற்கு நாள்தோறும் எத்தனையோ பார்சல்கள் வருகின்றன. திருச்சியிலிருந்து வந்தது தில்லி செல்லும். ஈரோட்டிலிருந்து வந்தது கல்கத்தா செல்லும். பார்சல் ஊர்விட்டு ஊர் செல்வது குற்றமாகாது. அதற்காகவே இரயில்வே இருக்கிறது. அனுப்பியவர் பெயர் எழுதிய சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டுத் தம் பெயரை ஒட்டிக்கொள்வதே குற்றம். இசையும் அவ்வாறே. அதன் பயணத்தைத் தடுக்க எவராலும் இயலாது. பெயர்ச்சீட்டைக் காப்பதே நம்மால் இயன்றது. டட்வைலர் நிலையத்தில் வாசித்த மனிதரின் சீட்டு அன்றே தொலைந்துபோயிற்று. டிக்சனின் சீட்டையோ பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் தேடி ஒட்ட வேண்டியதாயிற்று.

மூன்றாம் வகைதான் எம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனை நம்மவர் பலரும் அறிவர். 1965-இல் ஒரு பாட்டில் சித்தார் வாசித்து, மறு ஆண்டு நம் நாட்டிற்கே வந்து பண்டித இரவிசங்கரிடம் பயின்றவர். 1971-இல் வங்க அகதிகளுக்காக நியூயார்க்கில் இரவிசங்கரோடு இணைந்து நிதி திரட்டியவர். 1974-இல் அவர் அமெரிக்காவெங்கும் நிகழ்த்திய இசைப்பயணத்தில் நம் வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியமும், மிருதங்கமும் பாட்டும் வல்ல டி.வி. கோபாலகிருஷ்ணனும் உடன் சென்றனர். அத்தகையவர் 1970-இல் "மை ஸ்வீட் லார்ட்" என்னும் பத்திப் பாட்டை வெளியிட்டார். "அல்லேலூயா" என்று தொடங்கி "ஹரே கிருஷ்ணா" என்று மாறி, குருவைப் போற்றும் வடமொழிச் சுலோகத்தையும் உட்கொண்ட பாட்டு அது. சமயங்கள் ஒன்றே என்று கூற எழுந்த அப்பாட்டின்மீது 1971-இல் திருட்டு வழக்குத் தொடரப்பட்டது. 1963-இல் ஷிஃபான்ஸ் என்னும் கறுப்பினப் பெண்கள் குழு பாடிய "ஹீ'ஸ் சோ ஃபைன்" என்னும் காதற்பாட்டின் மெட்டே இது என்பது குற்றச்சாட்டு. அம்மெட்டை அமைத்த ரானி மாக் என்னும் இளைஞர், பாட்டுப் புகழ்பெற்ற அதே ஆண்டில் நோயுற்று இறந்துபோனார் என்பதும் அறியத்தக்கது.

1976-இல் நியூயார்க்கில் வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிபதி ரிச்சர்டு ஓவன் தாமே இசைநாடகங்கள் இயற்றியவர். இரண்டு பாட்டுகளையும் சுரம் சுரமாய் ஆராய்ந்தார். ஹாரிசன் வேண்டுமென்றே திருடினார் என்று தாம் கருதவில்லை என்றார். ஆயினும் முன்பு கேட்ட பாட்டு அவர் உள்ளத்தின் அடியில் தங்கி, அவரறியாமலே வெளிவந்துள்ளது. அறியாமற் செய்திருப்பினும் அது நகலே என்று தீர்ப்பளித்தார். இழப்பீடு பதினாறு இலட்சம் டாலர் அளவிற்குக் கணக்கிடப்பட்டது. இதற்கிடையில், முன்பு ஹாரிசனுக்கே மேலாளராயிருந்த ஒருவர், எதிர்த்தரப்புப் பாட்டின் உரிமையை 5,87,000 டாலருக்கு வாங்கிவிட்டார்! நேற்றுவரை நம் வக்கீலாய் இருந்தவர் இன்று எதிர்க்கட்சிக்காரராய் வந்து நிற்பது போன்ற செயல். 1981-இல் நீதிமன்றம் இதனைக் கண்டித்து, அவர் இதனால் ஆதாயம் அடையலாகாது என்றும், அவர் கொடுத்த தொகையை மட்டும் ஹாரிசன் கொடுத்துப் பாட்டைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் கூறிற்று.

தொகை பெரிதன்று. அத்தீர்ப்பிற்குப் பின் புதிய பாட்டு எழுதவே அச்சமாயிருந்தது, எந்தச் சுரத்தைத் தொட்டாலும் இது யாருடையதோ என்னும் ஐயம் எழுந்தது என்று ஹாரிசன் பிற்காலத்தில் கூறினார். உலகப்புகழ் பெற்ற கலைஞர்க்கே அந்நிலை என்றால், பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் கித்தாரைப் பரண்மேல் வைத்ததில் வியப்பென்ன? இப்பகுதியை மகள் படித்துக் காட்டியபோது யாம் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டோம்.

இனி, நம் சிறுவர்மீது எழுந்த குற்றச்சாட்டிற்கு வருவோம். லெட் செப்பலின் 1971-இல் வெளியிட்ட "ஸ்டேர்வே டு ஹெவன்" என்னும் பாட்டு, கித்தாரில் அரைச்சுரம் அரைச்சுரமாய் இறங்கும் ஒரு வரிசையோடு தொடங்குகிறது. ஸ்பிரிட் என்னும் அமெரிக்கக் குழு 1968-இல் வெளியிட்ட "டாரஸ்" என்னும் இசையிலும் அத்தகைய வரிசை உண்டு. 1968 டிசம்பரில் அவ்விரு குழுக்களும் டென்வர் நகரில் ஒரே மேடையில் வாசித்ததும் உண்டு. "டாரஸை" இயற்றிய ராண்டி கலிபோர்னியா 1997-இல் கடலில் சிக்கிய தம் மகனைக் காப்பாற்றித் தாம் மூழ்கி இறந்தார். அவர் சொத்தின் காப்பாளர் 2014-இல் வழக்குத் தொடுத்தார். 2016-இல் இலாஸ் ஏஞ்சலிஸில் நடுவர் குழு, இரண்டும் அடிப்படையில் ஒத்தவை அல்ல என்றது. 2018-இல் மேல்முறையீட்டு மன்றம் மறு விசாரணைக்கு ஆணையிட்டது. 2020 மார்ச்சில் அதே மன்றத்தின் பெரிய அமர்வு கூடி நடுவர் குழுவின் முடிவையே உறுதி செய்தது. அக்டோபரில் அந்நாட்டு உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

இவ்வழக்கில் எதிர்வாதம் யாது? படிப்படியாய் இறங்கும் அவ்வரிசை ஒருவர்க்கு உரிய சொத்தன்று. பல நூற்றாண்டுகளாய் எண்ணற்றோர் கையாண்டு வரும் பொதுச்சொத்து என்பதே. பொதுக்கிணற்று நீரை இருவர் குடத்தில் மொண்டால், ஒருவர் மற்றவர் நீரைத் திருடினார் என்று கூறலாமா? ஆகவே, பெயர்ச்சீட்டைக் கிழித்ததற்காக முன்பு பிடிபட்ட அதே குழுவினர் இம்முறை குற்றமற்றவர் எனப்பட்டனர். ஒருவர் ஒருமுறை தவறினார் என்பதற்காக, ஒவ்வொரு முறையும் அவர் தவறினார் என்று முடிவு கட்டலாகாது என்னும் பாடமும் இதில் உண்டு.

வேடிக்கையான வழக்கு ஒன்றையும் கூறிவிடுகிறோம். ஜான் ஃபோகர்டி என்பார் தம் குழுவிற்காக 1970-இல் ஒரு பாட்டு எழுதினார். அதன் உரிமை நிறுவனத்திடம் சேர்ந்துவிட்டது. பல்லாண்டுகள் கழித்து அவர் தனியே மற்றொரு பாட்டு வெளியிட்டபோது, "எம்மிடமுள்ள உமது பழைய பாட்டை நீரே நகல் எடுத்துவிட்டீர்" என்று அந்நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடுத்தது! 1988-இல் அவர் சாட்சிக் கூண்டில் கித்தாரோடு அமர்ந்து வாசித்துக் காட்டித் தம் பாட்டுகள் எவ்வாறு பிறக்கின்றன என்று விளக்கினார். வெற்றியும் பெற்றார். எம் கையெழுத்து எம் கையெழுத்தைப் போலன்றி வேறெவர் கையெழுத்தைப் போல் இருக்கும்?

நல்ல முன்மாதிரி ஒன்றும் உண்டு. 1997-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் புதிய பாட்டொன்றை வெளியிட இருந்த தருணத்தில், கீத் ரிச்சர்ட்ஸின் மகள் அதனைக் கேட்டு, இது கே.டி. லாங் என்னும் பாடகியின் பாட்டைப் போன்றிருக்கிறது என்று சுட்டிக்காட்டினாள். வழக்கு வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. லாங்கின் பெயரையும், அவருடன் இணைந்து அப்பாட்டை எழுதியவர் பெயரையும் தம் பெயர்களோடு சேர்த்தே அச்சிட்டு வெளியிட்டனர். வீட்டில் மகள் சொல்வதைக் கேட்டால் தந்தையர்க்கு நன்மையே விளையும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

காலம் எப்படிச் சுழல்கிறது பாருங்கள். மிச்சிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து உடன்பிறந்தார் மூவரும் நண்பர் ஒருவரும் சேர்ந்த கிரெட்டா வான் ஃபிளீட் என்னும் குழு அண்மைக் காலத்தில் எழுந்தது. இவர்கள் லெட் செப்பலினின் வெறும் நகல் என்று விமரிசகர்கள் 2018-இல் கடுமையாய்ச் சாடினர். 2019-இல் அவர்கட்கே சிறந்த ராக் இசைத்தொகுப்பிற்கான கிராமி பரிசு கிடைத்தது. நேற்று இரவல் வாங்கியவர் இன்று மூலவர் ஆகிவிட்டார். இன்று இரவல் வாங்குவோர் நாளை யாருக்கு மூலவரோ, யார் அறிவார்?

இவையெல்லாம் நமக்குப் புதியனவும் அல்ல. நன்னூலார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூவகையாய்ப் பிரித்தார். வழிநூல் செய்தல் இழிவென்று அவர் கூறவில்லை. முன்னோரைத் தழுவியும், வேண்டும் இடத்து வேறுபட்டும் செய்க என்றே இலக்கணம் வகுத்தார். வான்மீகியின் வழி நின்ற கம்பரைத் திருடர் என்று கூற நமக்கு நா எழுமோ? முத்துசாமி தீட்சிதர் ஐரோப்பியரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றிற்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். "நோட்டுசுர சாகித்தியங்கள்" என்னும் அப்பெயரே அவை எங்கிருந்து வந்தவை என்பதைக் காட்டும் பெயர்ச்சீட்டாய் இன்றும் நிற்கிறது.

ஆகவே, ஒரு பாட்டைக் கேட்டு "இது நகல்" என்று கூறுமுன் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சில உண்டு. இரண்டையும் முழுவதும் கேட்டோமா? ஒத்திருப்பது ஒருவர்க்கே உரிய மெட்டா, எல்லார்க்கும் பொதுவான கிணற்று நீரா? கற்ற இடத்தை மறைத்தாரா, கேட்டால் கூறுவாரா? பெற்றதோடு தம்முடையதாய் எதனையேனும் சேர்த்தாரா? இவ்வினாக்களுள் ஒன்றையும் கேளாமலே யாம் சென்ற ஆண்டு தீர்ப்பு வழங்கிவிட்டோம். ஆறு ஆண்டுகள் ஆராய்ந்து அமெரிக்க மன்றங்கள் கண்ட முடிவிற்கு நேர்மாறான முடிவை, எம் நகைச்சுவை ஆறு நொடியில் எட்டிவிட்டது.

சென்ற பொங்கலன்று அச்சிறுவன் வீட்டிற்கு யாமும் எம் இல்லாளும் சென்றோம். "தம்பி! அந்த இறங்கு வரிசையை எங்கே கற்றாய்?" என்று கேட்டோம். "மாமா! கித்தார் கற்றுக்கொடுத்த ஆசிரியர் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம் அது. அந்த ஆங்கிலப் பாட்டையும் கேட்டிருக்கிறேன், பிடிக்கும். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்றான். பிறகு சற்றுத் தயங்கி, "பாட்டின் பின்பாதி எங்கள் ஆத்தா பாடும் தாலாட்டு மெட்டு. அதற்குள்தான் எல்லாரும் சிரித்துவிட்டீர்கள்" என்றான்.

பாட்டின் பொருளையும் கேட்டறிந்தோம். பொன்மலைப் பணிமனையிலிருந்து மாற்றலாகிக் கலாசியாய் இவ்வூர் வந்து, தமிழன்றி வேறு மொழி அறியாமல், முதல் மாதம் முழுவதும் கையசைத்தே சோறு வாங்கி உண்ட அவன் பாட்டனாரின் கதை அது. அவையோர்களே! அது நம் கதை. நம் கதையை நம் பிள்ளை நம்மிடம் பாட வந்தான். பாதியிலேயே சிரித்து அவனை நாம் இறக்கிவிட்டோம். அச்சிரிப்பிற்கு ஒலிபெருக்கி பிடித்தவர் யாம்.

இவ்வளவு பேர் முன்னிலையில் இழைத்த பிழைக்குத் தனியே சென்று மன்னிப்புக் கேட்டால் போதாது. ஆகவே, எந்த மேடையில் தவறினோமோ அந்த மேடையிலேயே நின்று, அந்நான்கு சிறுவரிடமும் அவர்தம் பெற்றோரிடமும் மன்னிப்புக் கோருகிறோம். இரயில்வே முறைப்படி, தவறான தண்டம் வசூலித்தால் திருப்பித் தந்தாக வேண்டும். இதனை அத்தகைய திருப்பித்தரலாய் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

இளைஞர்கட்கு ஒரு சொல். அஞ்சாமல் இரவல் வாங்குங்கள். வாங்காமல் எவரும் வளர்ந்ததில்லை. ஆனால் கொடுத்தவர் பெயரைக் கூறுங்கள். உயிருடன் இருப்பவர் என்றால் அவர்க்குரிய பங்கையும் கொடுங்கள். பெரியோர்கட்கு ஒரு சொல். பிள்ளைகள் பாடும்பொழுது பின்பாதி வரும்வரை பொறுத்திருங்கள்.

சுவரோரம் நிற்கும் நால்வருள் ஒருவன் கையில் இன்று கித்தார் உறை இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நிகழ்ச்சி நிரலில் அவர்கள் பெயர் இல்லை. செயலாளர் அவர்களிடம் யாம் வேண்டிக்கொண்டதன் பேரில் எம் உரைக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பாடுவதா இல்லையா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். பாடுவார்களாயின், எந்தப் பகுதியை யாரிடம் கற்றோம் என்பதை முதலிற் கூறிவிட்டுப் பாடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியர் பெயரும் வரும். ஆங்கிலக் குழுவின் பெயரும் வரும். ஆத்தாவின் பெயரும் வரும்.

இம்முறை நன்றியுரை கூறும் பொறுப்பு எமக்கு இல்லை. ஆகவே யாமும் உங்களோடு அமர்ந்து முழுவதும் கேட்கப்போகிறோம்.